சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளைச் சிறிதேனும் படித்தவர்கள் ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் தொடரைக் காணாமல் இருந்திருக்க முடியாது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பிய ஒருவர் தொண்ணூறு ஆடுகளையோ தொண்ணூற்றாறு ஆடுகளையோ கோயிலுக்கு அளிப்பார். கோயில் அவற்றை இடையர்களிடம் ஒப்படைக்கும். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்துவர வேண்டும். ஆடு சாகும், கிழடாகும் என்பது கொடுத்தவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும். ஆனால் குட்டிகள் பிறந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் பொறுப்பு. எனவே கணக்கில் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. முதல் கரையாமல், அதன் வருவாயைக் கொண்டே ஓர் அறம் என்றென்றும் நடைபெற வேண்டும் என்ற கருத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு தொடரை நான் அறியேன். இன்று நாம் அறக்கட்டளை என்று சொல்வதும் இதைத்தான்.

தமிழ் கற்பிப்பவன் கல்வெட்டுத் தொடரோடு நின்றிருக்கலாம். கடந்த சில ஆண்டுகளாக எங்கள் கல்லூரியில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான உதவித்தொகைப் பணியும் எனக்குத் தரப்பட்டிருப்பதால், இந்த ஆடுகள் வேறொரு கேள்வியாக மாறி என்னைத் தொடர்கின்றன. விளக்குக்குச் சாவா மூவா ஆடுகளைக் கண்டுபிடித்த ஒரு சமூகம், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஆண்டுதோறும் செத்துப் பிறக்கும் பணத்தைத் தருகிறது?

*

நான் குடியிருப்பது மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர். இன்று இரண்டு ஊர்களும் வளர்ந்து இதைத் தம்மோடு சேர்த்துக்கொண்டுவிட்டன என்றே சொல்லலாம். சாரல் காலத்தில் அருவிக்குப் போகும் வண்டிகள் எங்கள் ஊரைக் கவனிக்காமல் கடந்துபோகும். இலக்கியம் படித்தவர்கள் மட்டும் ஒரு கணம் நின்று கேட்பார்கள், திரிகூடராசப்பக் கவிராயர் ஊர் இதுதானே என்று. ஆம், திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர் இவ்வூர்க்காரர். அவருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலக்கொடை அளித்தார். அந்த நிலம் குறவஞ்சி மேடு என்று பெயர் பெற்றது.

வந்தவர்களுக்கு அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் மகிழ்ச்சி உண்டாகிறது. புலவரைப் போற்றிய அரசு என்று பெருமிதம் கொள்கிறோம். அரசு கொடுத்த விதத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். பாடியதற்கு ஒரு பொற்கிழியைக் கொடுத்து அனுப்பவில்லை, நிலத்தைக் கொடுத்தது. பொற்கிழி செலவானால் புலவர் மீண்டும் அரண்மனை வாயிலில் நிற்க வேண்டும். நிலம் பெற்றவர் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அரசரின் ஆட்சி 1732இல் முடிந்தது. நிலத்தின் பெயர் இன்னும் இருக்கிறது.

கவிதைக்கு மட்டுமன்று, கல்விக்கும் நம்மிடம் இவ்வாறே கொடுத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த கல்லூரியில் 340 மாணவர்கள். அவர்களுள் 270 பேர் இளையவர், 70 பேர் உயர்நிலைக் கல்வி பயின்றவர். ஆசிரியர்கள் 14 பேர். இளைய மாணவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி நெல் என்று அளவு வகுத்து, இவை அனைத்துக்கும் 45 வேலி நிலத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். நமக்கு இன்னும் அருகில், குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 மாணவர்களுக்கு ஒரு சாலை நிறுவிய செய்தி செப்பேட்டில் இருக்கிறது. உதவித்தொகை என்பது வெள்ளையர் கொண்டுவந்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இவற்றைப் பார்க்க வேண்டும்.

அந்த மாணவர்கள் யார் என்பதையும் உடன் பார்க்க வேண்டும். அவை வேதக் கல்லூரிகள். அங்கே நெல் அளக்கப்பட்டது அந்தணர் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆக, கல்விக்கு அழியாத முதலை ஏற்படுத்தும் அறிவு நமக்கு ஆயிரம் ஆண்டுகளாக உண்டு. அந்த அறிவு யாருக்காகப் பயன்பட்டது என்பதில்தான் வழக்கு.

இந்த வழக்கு பிற்காலத்திலும் தொடர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற செல்வத்தால் சென்னையில் எழுந்த கல்லூரி எத்தனையோ ஏழைகளுக்கு வாழ்வளித்திருக்கிறது. அந்தப் பச்சையப்பன் கல்லூரியிலேயே 1920களின் பிற்பகுதி வரை ஆதிதிராவிட மாணவர்களுக்கு அனுமதி இல்லை. அறக்கட்டளை இருந்தது, வாயில் மூடியிருந்தது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியதன் காரணம் இங்கே விளங்கும். மற்றவர் வாயில் மூடியிருந்ததால் தமக்கென ஒரு வாயிலைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் வாயில் கட்டியவர்களிடம் வேலிக்கணக்கில் நிலம் இல்லை.

*

இதே கதையை அமெரிக்கா வேறு எழுத்தில் எழுதியிருக்கிறது. அங்கே வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள் என்று ஒரு வகை உண்டு. வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென ஏற்பட்டவை. எண்ணிக்கையில் ஏறத்தாழ நூறு. மார்ட்டின் லூதர் கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரி அவற்றுள் ஒன்று.

1862இல் அமெரிக்க நாடாளுமன்றம் மோரில் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. அதன்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் பெருமளவு நிலம் தரப்பட்டது. நிலத்தை விற்று வரும் பணத்தை முதலாக வைக்க வேண்டும். முதல் என்றைக்கும் குறையக் கூடாது. வட்டியைக் கொண்டு கல்லூரி நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்லியது. குறைந்தால் மாநிலம் ஈடுசெய்ய வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு இடையர்கள்தாம் நினைவுக்கு வந்தார்கள். பெயர் வேறு, மொழி வேறு. அதே சாவா மூவாப் பேராடு. அந்த நிலம் பெரும்பாலும் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதி.

சில விதிவிலக்குகள் நீங்கலாக, அந்த முதல் வெள்ளையர் கல்லூரிகளுக்கே போய்ச் சேர்ந்தது. 1890இல் இரண்டாம் மோரில் சட்டம் வந்தது. கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது அவர்களுக்குத் தனிக் கல்லூரி வைத்துப் பணத்தை நியாயமாகப் பங்கிடுங்கள் என்றது. தென் மாநிலங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. இம்முறை நிலம் கிடையாது. ஆண்டுதோறும் ரொக்கம், மாநிலம் ஒன்றுக்கு 15,000 டாலரில் தொடங்கி, ஆண்டுக்கு ஆயிரமாக உயர்ந்து 25,000 டாலர் வரை, அதையும் இரு வகைக் கல்லூரிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு சாராருக்கு ஆட்டு மந்தை; மறு சாராருக்கு அன்றன்றைக்கு நெய்.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலான பின் அதன் விளைவைக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வித்துறைச் செயலரும் வேளாண்துறைச் செயலரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 1987 முதல் 2020 வரையிலான காலத்தில் மட்டும், மாணவர் ஒருவருக்குச் செலவிட்ட தொகையை ஒப்பிட்டால், நிலக்கொடை வகையைச் சேர்ந்த கறுப்பினக் கல்லூரிகளுக்குத் தரப்படாமல் போனது 1,200 கோடி டாலருக்கும் மேல் என்றது அக்கடிதம். டென்னசி மாநிலத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு 210 கோடி டாலர்.

கேட்டுப் பெற்றவர்களும் உண்டு. மிசிசிப்பியில் ஜேக் ஏயர்ஸ் என்பவர் தம் மகன் உள்ளிட்ட மாணவர்களுக்காக 1975இல் வழக்குத் தொடுத்தார். அவர் இறந்த பின்னும் வழக்கு நடந்தது. 1992இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2002இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, மூன்று கறுப்பினக் கல்லூரிகளுக்கும் ஏறத்தாழ 50 கோடி டாலர் பல ஆண்டுகளில் தருவதாக மாநிலம் ஏற்றது. அதில் ஒரு பகுதி நிரந்தர வைப்புநிதி. ஆனால் அந்த நிதி தன் கைக்கு வர வேண்டுமானால், கல்லூரியில் பிற இன மாணவர்கள் பத்து விழுக்காடு சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஆட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொள்வது எல்லா நாட்டு அரசுகளுக்கும் வழக்கம் போலிருக்கிறது.

*

நம் நாட்டில் ஒடுக்கப்பட்ட மாணவருக்கு அரசுப் பணம் வந்த வரலாற்றை ஒரு மாணவரிலிருந்தே தொடங்கலாம். அம்பேத்கர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்தது பரோடா அரசர் மூன்றாம் சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாயால். 1913இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றதும் அதே அரசின் உதவித்தொகையால். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. 1916இல் அவர் இலண்டன் சென்று பொருளாதாரப் படிப்பையும் சட்டப் படிப்பையும் தொடங்கினார். உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பம்பாய்க்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. மீண்டும் இலண்டன் செல்ல அவருக்கு மூன்றாண்டுகள் ஆயின. சொந்தச் சேமிப்பும் கோலாப்பூர் அரசர் சாகுவின் உதவியும் ஒரு பார்சி நண்பரின் கடனும் தேவைப்பட்டன.

அம்பேத்கர் திரும்பிச் சென்றார். ஆகவே நாம் அந்த இடைவெளியை வாழ்க்கை வரலாற்றில் ஒரு பத்தியாகப் படித்துக் கடக்கிறோம். திரும்பிச் செல்ல இயலாதவர்களுக்கு வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இல்லை.

பணம் நடுவில் நிற்பதன் பொருளை அறிந்தவர் என்பதால்தானோ என்னவோ, அவர் கல்விப் பணத்தைக் கருணையாகக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதச் செய்தார். 1932ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தைத் தொகுதிகளின் கதையாக மட்டும் நாம் பேசுகிறோம். அதன் ஒன்பதாவது கூறு, ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் கல்விக்குப் போதிய தொகையை ஒதுக்க வேண்டும் என்கிறது. பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது, 1942இல் பட்டியல் வகுப்பினரின் குறைகளை விரிவான மனுவாக எழுதிக் கொடுத்தார். அதில் உயர்கல்விக்கான உதவித்தொகை முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று. 1944இல் தொடங்கியதுதான் இன்று நாம் போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகை என்று சொல்லும் திட்டம். சுதந்திரத்தைவிட மூன்றாண்டு மூத்தது.

இத்திட்டத்தால் படித்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலத்துறையின் பள்ளிகளும் விடுதிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் 92ஆம் எண் அரசாணை வந்தது. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. என்னுடன் முதுகலை படித்தவர்களுள் இன்று பேராசிரியராகவும் வட்டாட்சியராகவும் இருக்கும் சிலர், இந்தப் பணம் இல்லாவிட்டால் செங்கற்சூளையிலோ கேரளத்தில் தடி அறுக்கும் வேலையிலோ இருந்திருப்பார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

ஆனால் இது ஆண்டுப் பணம். ஆண்டுப் பணத்துக்கு இரண்டு நோய்கள் உண்டு.

முதல் நோய், கொடுப்பவர் கணக்கு மாறினால் பெறுபவர் கை வெறுமையாகும். பல ஆண்டுகளாக இத்திட்டத்தில் ஒரு விசித்திரமான கணக்கு இருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவானதென்று காட்டுகிறதோ, அந்தத் தொகையை அதன்பின் மாநிலமே முழுதும் ஏற்க வேண்டும். அதற்குமேல் கூடுகிற பகுதியை மட்டும் மத்திய அரசு தரும். அதிக மாணவரைப் படிக்கவைத்த மாநிலத்துக்கு அதிகச் சுமை. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 2017 மார்ச்சில் முடிந்தபின் இந்தச் சுமையைத் தாங்க முடியாமல் பல மாநிலங்களில் நிலுவை ஏறியது. 2020 டிசம்பரில்தான் மத்திய அமைச்சரவை கணக்கை மாற்றியது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், மத்திய அரசு 60 விழுக்காடு, மாநிலம் 40 விழுக்காடு என்று பங்கீடு. நல்ல மாற்றம். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் வகுப்பில் அமர்ந்திருந்தவர்கள் மீண்டும் வந்து அமரப்போவதில்லை.

இரண்டாவது நோய் தேய்மானம். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்துபோகும் இளங்கலை மாணவருக்கு 2010இல் வகுத்த பராமரிப்புப் படி மாதம் 300 ரூபாய். பத்து மாதத்துக்கு 3,000. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த புதிய நெறிமுறையில் பெயர் கல்விப் படி என்று மாறியது. தொகை ஆண்டுக்கு அதே 3,000. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு 2013இல் இரண்டரை இலட்சமாக உயர்ந்து, பின்னர் நெடுங்காலம் அங்கேயே நின்றது. நந்தா விளக்குக்கு ஆட்டைக் கொடுத்தவர் கெட்டிக்காரர். விளக்குக்கு வேண்டியது நெய். ஆடு தருவது நெய். விலைவாசி எங்கே போனாலும் உழக்கு உழக்குதான். நம்முடைய 3,000 ரூபாய் அப்படிப்பட்டதன்று.

*

அலுவலகக் கோணத்தில் உதவித்தொகை எப்படி இயங்குகிறது என்பதை வெளியார் பலர் அறியார். சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, அந்தக் கணக்கில் ஆதார் இணைப்பு, அந்த இணைப்பு செயல்பாட்டில் இருக்கிறதா என்ற சோதனை. ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பும். எங்கள் பகுதியில் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சிலர் முன்னால் எழுதுவார்கள், சிலர் பின்னால் எழுதுவார்கள். இலக்கணப்படி இரண்டும் ஒன்று, கணினிப்படி இரண்டு வேறு ஆட்கள். மாணவர்கள் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைவார்கள். ஒவ்வொரு அலைச்சலும் அவர்களுக்கு ஒரு வகுப்பு இழப்பு. தாய் உடன் சென்றால் அவருக்கு ஒரு நாள் பீடி இழப்பு. இவையெல்லாம் சரியானாலும் மாநிலப் பங்கு முதலில், அதன்பின் மத்தியப் பங்கு. கல்லூரி ஜூனில் திறக்கிறது. தேர்வுக் கட்டணம் அக்டோபரில் கட்ட வேண்டும். பணம் எப்போது வரும் என்பதை நான் எந்த மாணவருக்கும் தேதி குறித்துச் சொன்னதில்லை, சொல்ல இயலாது.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். கடையநல்லூர்ப் பக்கத்துச் சிற்றூர். தந்தை செங்கற்சூளையில், தாய் பீடி சுற்றுகிறவர். யாப்பிலக்கண வகுப்பில் வெண்பாவுக்குத் தளை பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கரும்பலகையில் நான் எழுதி முடிக்குமுன் தளை தட்டும் இடத்தைச் சொல்லிவிடுவாள். சனவரியில் வருவது நின்றது. விசாரித்தபோது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலைக்குப் போய்விட்டாள் என்று தோழிகள் சொன்னார்கள். வீட்டில் கடன், தந்தைக்கு உடல்நலமில்லை. தேர்வுக் கட்டணமும் சேர்ந்துகொண்டது. ஒரே காரணம் என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் திங்களில் கையில் மூவாயிரம் இருந்திருந்தால் அந்தப் பருவத்தையாவது முடித்திருப்பாள்.

ஜூலையில் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. “ஐயா, ஸ்காலர்ஷிப் பணம் ஏறியிருக்குய்யா. நான் இப்பம் படிக்கலல்லா, திருப்பிக் கெட்டணுமாய்யா?”

வேண்டாம் அம்மா, அது நீ படித்த ஆண்டுக்கு உரிய பணம், உன்னுடையது என்றேன். மீண்டும் சேர்வதைப் பற்றிப் பேசினேன். பார்க்கிறேன் என்றாள். பின்னணியில் தையல் எந்திரங்களின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. தனக்குச் சேர வேண்டிய பணம் காலம் கடந்து வந்திருக்கிறது. அதனால் இழந்தது படிப்பு. அப்போதும் அவள் கேட்டது, நான் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பது. ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. உதவித்தொகை என்று பெயர் வைத்தோம் அல்லவா, அந்தப் பெயர் செய்யும் வேலை இது. உதவி பெற்றவர் நேரத்தைக் கேட்கக் கூடாது. குறவஞ்சி மேட்டுக்கு உரியவர் விளைச்சலைப் பெறும்போது யாருக்கும் நன்றி சொல்லி விண்ணப்பம் எழுதியிருக்க மாட்டார்.

*

தமிழ்த் துறைகளில் அறக்கட்டளைகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் ஆண்டு முழுதும் நடக்கின்றன. நானும் பேசியிருக்கிறேன், பொன்னாடையும் பெற்றிருக்கிறேன். அடுத்து, முதல் மதிப்பெண்ணுக்குத் தங்கப் பதக்க அறக்கட்டளைகள். பழையவை பலவற்றில் இன்று தங்கம் முலாமாகிவிட்டது. இவற்றை நிறுவியவர்கள் மொழிப்பற்று மிக்கவர்கள், மதிக்கத்தக்கவர்கள். ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் முடித்தவனுக்குப் பரிசு தருகின்றன, அல்லது முடித்தவன் பேசுவதற்கு மேடை தருகின்றன. சனவரியில் நின்றுபோகிறவளுக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

குற்றாலத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. குற்றாலநாதர் கோயில் சார்பில் 1964இல் பராசக்தி மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. விளக்குக்கும் பூவுக்கும் கட்டளை பெற்ற மரபு, பெண் கல்விக்கு என்று திரும்பிய ஒரு தருணம் அது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகளில் முதல் பட்டதாரி ஒரு பெண்ணாக இருக்கிறார் என்பதை எண்ணினால் அதன் மதிப்பு விளங்கும். மரபு மாறாதது என்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

அரசு தரும் ஆண்டுப் பணத்தை நிறுத்திவிட்டு அறக்கட்டளைகளை நம்பலாம் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கணக்கு இடம் தராது. ஆறு விழுக்காடு வட்டியில் ஆண்டுக்கு 3,000 ரூபாய் வர வேண்டுமானால் ஒரு மாணவருக்கு 50,000 ரூபாய் முதல் வேண்டும். இலட்சக்கணக்கான மாணவர்களுக்கு அதை ஒரே நாளில் சேர்க்க எந்த அரசாலும் ஆகாது. மேலும், தனியார் அறக்கட்டளை எவரை வேண்டுமானாலும் விலக்க முடியும் என்பதைப் பச்சையப்பன் கல்லூரி வரலாற்றில் பார்த்தோம். பூனா ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த கடமை அரசினுடையது. அது அரசிடமே இருக்க வேண்டும்.

நான் சொல்வது சிறியது. பணம் வராத திங்கள்களைத் தாண்டுவதற்கு மட்டும் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு முதல் இருக்க வேண்டும். அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்து அது ஏற்கப்பட்ட மாணவருக்கு, அந்தத் தொகையை அக்டோபரிலேயே இம்முதலிலிருந்து கொடுத்துவிடலாம். அரசுப் பணம் கணக்கில் ஏறியதும் அவர் திருப்பிச் செலுத்துவார். நாற்பது மாணவருக்கு ஆளுக்கு 3,000 என்றால் 1,20,000 ரூபாய். திரும்பி வராமல் போவதற்கென்று இன்னும் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். வட்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முதலே ஆண்டுதோறும் சென்று திரும்பும். குட்டி போட்டு எண்ணிக்கை காக்கும் மந்தை போலத்தான். இதன் பாதியை முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்த்தால் மறுபாதியை அரசு ஈடாகத் தரலாம். இரண்டு ஆசிரியர்களும் இரண்டு மாணவர்களும் கணக்கைப் பார்க்கலாம். துறை அறிவிப்புப் பலகையில் இருப்பை ஒட்டலாம்.

இதற்கு வரக்கூடிய மறுப்பையும் அறிவேன். திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார்கள். படிப்பை விட்ட பின்னும் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று தானே அழைத்துக் கேட்டவளை நான் அறிவேன். இந்தச் சந்தேகத்தைக் கேட்பதற்கு முன், நமக்கு எவரிடமிருந்து அனுபவம் கிடைத்திருக்கிறது என்று யோசிக்கலாம்.

இலக்கிய வாசகர்கள் இதைப் படிப்பதால் இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். குறவஞ்சியின் உயிர் அதன் குறத்தி. மலைவளம் சொல்கிறவள் அவள். நாடுகள் பலவும் கண்டவள் அவள். நகரத்துத் தலைவியின் கையைப் பிடித்து எதிர்காலம் சொல்கிறவளும் அவளே. அவளைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. அவள் குலத்தவருக்கு என்ன கிடைத்தது என்று நம் இலக்கிய வரலாறுகள் கேட்டதில்லை. குறவர் தமிழ்நாட்டின் பட்டியலினத்தில் இருக்கிறார்கள். அவர்களின் சில பிரிவுகள் வேறு பட்டியல்களில். வேறொரு சமூகமான நரிக்குறவர், பல்லாண்டுக் கோரிக்கைக்குப்பின் 2023 சனவரியில்தான் சட்டத் திருத்தத்தால் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். இச்சமூகங்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். தேர்வுக்குரிய பாடமாகக் குறத்தி மலைவளம் கூறலை அவர்களுக்கு நடத்துகிறோம். கூறியவளின் பேத்தி அந்தப் பருவம் முழுவதும் வகுப்பில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் துறையின் முன்னாள் மாணவர் கூட்டம் வரும் சாரல் காலத்தில் கூடுகிறது. இம்முறை சொற்பொழிவு ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஒரு கணக்கேட்டைத் திறக்கலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.